காலியா இருந்தாத்தான் விலை

உக்காருங்க தம்பி, நிக்காதீங்க. இப்பத்தான் பதினேழாம் நம்பரக் கூப்புட்டாங்க. உங்குளுது எத்தனை? நாப்பத்தி மூணா? எனக்கு நாப்பத்தி ஒண்ணு. மத்தியானச் சோத்துக்கு முன்னால நடக்காதுங்க. ஃபைல மடியில வெச்சுக்குங்க. கீழ வெச்சா ஆராச்சும் மிதிச்சுட்டுப் போயிருவாங்க.

மொதப் பத்திரமா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பத்து தடவை ஃபைலத் தொறந்து தொறந்து பாக்கறீங்களே. குடியிருக்கத்தானுங்களே? இல்லையா? ஓ... வாங்கி, ரிப்பேர் பாத்து, விக்கறதுக்கா. ஆகட்டும் ஆகட்டும். தப்பில்லீங்க. நானும் அந்தத் தொழில்ல இருந்தவன்தான். எத்தனை வீடுன்னு கேட்டீங்கன்னா, ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. ஆனா அனுபவம்னு பாத்தா ஒம்பது வீட்டுக்குத் தாங்கும்.

பேரு நாச்சிமுத்துங்க. மில்லுல ஸ்டோர் கீப்பர். முப்பத்தோரு வருசம். ஆரு வந்து போல்ட்டு கேட்டாலும், நட்டு கேட்டாலும், எந்த அலமாரி எந்தத் தட்டுன்னு கண்ண மூடிட்டு எடுத்துக் குடுப்பேன். அதுல ஒரு திமிரு எனக்கு. எல்லாத்தையும் பாத்ததும் எடை போட்டுருவேன்னு. அப்பறம் மில்ல மூடறோம்னு சொல்லி ஒரு தொகையக் கையில குடுத்து அனுப்பிச்சாங்க. அம்பத்தி நாலு வயசு. வீட்டுல உக்காந்தேன். ஒரு மாசம். ஒரு மாசத்துல என்ற சம்சாரம் சுலோச்சனா என்னை என்ன பண்ணுனான்னு நினைக்கறீங்க? ஒண்ணும் பண்ணல. அவ கம்முனுதான் இருந்தா. நான்தான் அவ சமையல்கட்டுல போயி, மஞ்சத்தூள் டப்பா ஏன் இங்க இருக்குது, மல்லித்தூள் ஏன் அங்க இருக்குதுன்னு எல்லாத்துக்கும் சீட்டு எழுதி ஒட்டுனேன். ஸ்டோர் கீப்பர் புத்தி. "எங்கயாச்சும் போயிட்டு வாங்களேன்"னா. அவ்வளவுதான் சொன்னா.

அப்பத்தான் ஒரு ஓட்டல் ஹால்ல இலவச வகுப்புன்னு போன்ல வந்துச்சு. போனனுங்க. ஏசி. நல்ல காப்பி, கூட ரெண்டு பிஸ்கட்டு. மேடையில ஒருத்தர் கன்னத்துல மைக்கு ஒட்டிக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்கறாரு. "உங்க பணம் தூங்குது, நீங்க வேலை செய்யறீங்க. இனிமே பணம் வேலை செய்யட்டும், நீங்க தூங்குங்க"ங்கறாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஏற்கெனவே நான் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்னு அந்த நேரத்துல தோணல பாருங்க.

அப்பறம் காசு கட்டி ரெண்டு நாள் வகுப்பு. பழைய வீடா பாரு, கம்மியா வாங்கு, சமையல்கட்டையும் குளியலறையையும் பளபளன்னு ஆக்கு, ஆறு மாசத்துல வித்துட்டு அடுத்ததுக்குப் போ. இதுதான் பாடம். அந்த சார் ஒண்ணு சொல்லுவாரு. "வீட்டக் கண்ணால பாக்காதீங்க, கால்குலேட்டரால பாருங்க." இத நான் நோட்டுல ரெண்டு கோடு போட்டு எழுதி வெச்சேன். விசிட்டிங் கார்டு அடிச்சேன் தம்பி. 'நாச்சிமுத்து, முதலீட்டாளர்'. ஐநூறு கார்டு. மூணு பேருக்குக் குடுத்தேன். மிச்சத்துல ஒரு கட்ட சுலோச்சனா கிரைண்டர் ஆடுதுன்னு கால்ல முட்டுக் குடுத்துட்டா.

புரோக்கர் ஒருத்தன் வீடு காட்டுனான். மில் ரோட்டுக்குப் பின்னால, நாலாவது சந்து. சீமை ஓடு போட்ட வீடு. முன்னால ரெண்டு ரூம்பு, பின்னால ரெண்டு ரூம்பு, நடுவுல ஒரு மண்ணுச் செவுரு. உடமைக்காரங்க அண்ணன் தம்பி, மெட்ராஸ்ல இருக்கறாங்க. விலை கம்மி. ஏன் கம்மின்னு கேக்கணுமில்ல? கேட்டேன். "முன்பக்கம் ஒரு பொம்பள பதினாலு வருசமா வாடகைக்கு இருக்குதுங்க. மாவு ஆட்டி விக்குது. சொன்னாப் போயிரும்"ன்னான். "காலியா இருந்தாத்தான் விலை. ஆள் இருக்கறதுனாலதான் உங்குளுக்கு இந்த விலை. காலி பண்ணிப்போட்டீங்கன்னா அடுத்த நாளே ரெட்டிப்பு"ன்னான். எனக்கு ஒரே சந்தோசம். கால்குலேட்டர் எடுத்துத் தட்டித் தட்டிப் பாத்தேன். எந்தப் பக்கம் தட்டுனாலும் லாபம்தான் வந்துச்சு.

சுலோச்சனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒருக்கா வருதுங்க?"

எனக்குத் தெரியல. "இதெல்லாம் பிசினஸ் தெரியாதவங்க கேக்கற கேள்வி அம்மிணி"ன்னேன்.

பத்திரம் முடிஞ்சுது. இதே மாதிரி ஒரு ஆபீசுல, இதே மாதிரி ஒரு பெஞ்சுல உக்காந்துதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு முன்பக்கத்து அம்மாகிட்டக் காலி பண்ணச் சொல்றதுக்குப் போனேன். பேரு பிலோமினா. வீட்டுக்காரரு எப்பவோ விட்டுட்டுப் போயிட்டாரு. ஒரே பொண்ணு, ரெஜினா, நர்சிங் கடைசி வருசம். நான் போறப்ப ரெண்டு கிரைண்டரும் ஓடுது. அந்தம்மா மாவு வழிக்கறாங்க. "சார், கொஞ்சம் இந்தக் குண்டாவப் புடிங்களேன்"ன்னாங்க. புடிச்சேன். முதலீட்டாளர் வெள்ளைச் சட்டையோட குண்டாவப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். மாவு வாங்க வந்தவங்கெல்லாம் என்னைப் புது வேலையாளுன்னு நினைச்சிருப்பாங்க. காப்பி குடுத்தாங்க. குடிச்சேன். வந்துட்டேன். சொல்ல வந்ததச் சொல்லவே இல்ல.

அடுத்த வாரம் போயிச் சொன்னேன். வகுப்புல சொல்லிக் குடுத்திருக்காங்க, 'உறுதியா, ஆனா புன்னகையோட'ன்னு. புன்னகையோட சொன்னேன். அந்தம்மா கையத் தொடச்சுக்கிட்டு, "பாப்பாவுக்குக் கடைசிப் பரீச்சை சார். ரெண்டரை மாசம் இருக்குது. முடிஞ்ச அடுத்த வாரம் காலி பண்ணிக்கறேன். வேணும்னா எழுதிக் குடுக்கறேன்"ன்னாங்க.

ரெண்டரை மாசம். நியாயந்தானுங்களே? இப்பக் கேட்டா நியாயம்னுதான் சொல்லுவேன். அப்ப எனக்கு அது ரெண்டரை மாசமாத் தெரியல. ஆறு மாசத் திட்டத்துல பாதி போயிருமேன்னுதான் தெரிஞ்சுது. "ஒரு மாசம் தர்றேன்"னேன். அந்தம்மா திரும்பிப் போயி கிரைண்டரப் போட்டுட்டாங்க.

நான் ஆருக்கும் கெடுதல் நினைக்கறவன் இல்லீங்க தம்பி. மில்லுல வேணா கேட்டுப் பாருங்க. மில்லே இல்ல, ஆரக் கேப்பீங்க.

ஒரு மாசம் போச்சு. அவங்க போகல. சரி, பின்பக்கத்துல வேலைய ஆரம்பிச்சர்லாம், தூசியும் சத்தமும் தாங்காம தானாப் போயிருவாங்கன்னு நினைச்சேன். ராக்கியண்ணன்னு ஒரு மேஸ்திரியப் புடிச்சேன். தூசி பறந்துச்சு. அவங்க மாவுக் குண்டாவுக்கு ரெண்டு துணி சேத்துக் கட்டிக்கிட்டாங்க. சத்தம் வந்துச்சு. அவங்க கிரைண்டர் அதுக்கு மேல சத்தம்.

அப்பறம் ஒரு வேலை பண்ணுனனுங்க. இத ஆருகிட்டயும் சொல்றதில்ல. நீங்க தெரியாதவரு, அதனால சொல்றேன்.

அந்தச் சந்துல போர் தண்ணி உப்பு. வாயில வெக்க முடியாது. சிறுவாணித் தண்ணி வாரத்துக்கு ஒருக்கா வரும். அதத் தொட்டியில புடிச்சு வெச்சுத்தான் அந்தம்மா மாவாட்டுவாங்க. உப்புத் தண்ணியில ஆட்டுனா மாவு மஞ்சளிச்சுப் போயிரும், ஆரும் வாங்க மாட்டாங்க. இதெல்லாம் அப்பறம் தெரிஞ்சுக்கிட்டது. ஆனா தண்ணி இல்லீன்னா மாவு இல்ல, மாவு இல்லீன்னா அவங்க இல்லங்கற அளவுக்கு எனக்கு அப்பவே தெரிஞ்சுது. பிளம்பரக் கூப்புட்டு, "வேலை நடக்கறப்ப முன்பக்கத்துக்குப் போற பைப்பு உடைஞ்சு போச்சுன்னு வெய்யி. அதக் கழட்டி வெச்சுரு. மாட்டறதுக்கு சாமான் வரோணும்னு சொல்லிரு"ன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பாத்தான். கழட்டுனான்.

மறுநாள் காலையில ஏழு மணி இருக்கும். பைக்குல போறேன். சந்து முக்குல பொதுக்குழாய், அதுல மட்டும் தினம் காலையில கொஞ்ச நேரம் நல்ல தண்ணி வரும். அந்தம்மா இடுப்புல ஒரு குடம், கையில ஒரு குடம். பின்னால அந்தப் பொண்ணு ரெண்டு கையிலயும் பக்கெட்டு, கக்கத்துல பாடப் புஸ்தகம். நாலு வீடு தாண்டி வர்றாங்க. என்னைப் பாத்துட்டாங்களா இல்லையான்னு தெரியல. நான் பாக்காத மாதிரி பைக்கத் திருப்பிட்டுப் போயிட்டேன். போயி ஒரு கடையில வடை தின்னேன். என்னடா இது, வடை எறங்க மாட்டேங்குதேன்னு நினைச்சேன். சட்னி சரியில்லன்னு கடைக்காரன்கிட்டச் சண்டை வேற போட்டேன்.

பதினோரு நாள் அப்பிடி எடுத்தாங்க. பதினோரு நாள்.

இப்ப அந்தச் செவுத்துக்கு வருவோம். வகுப்புல சொன்னது, சமையல்கட்டு 'ஓப்பனா' இருக்கோணும், வாங்க வர்றவன் வாசப்படியில நின்னாலே அடுப்பு தெரியோணும், அதுல விலை ஏறும்னு. எனக்கு அந்த நடுச் செவுத்த எடுத்துட்டா போதும். ராக்கியண்ணன்கிட்டச் சொன்னேன். அவரு செவுத்தத் தட்டிப் பாத்தாரு. அண்ணாந்து பாத்தாரு. "விட்டம் இதுமேலதானுங்க உக்காந்திருக்குது. இத எடுக்கறதுன்னா மொதல்ல ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்கோணும், இரும்பு வெக்கோணும், முன்பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது"ன்னாரு.

"அதெல்லாம் திட்டத்துல இல்லையே மேஸ்திரி"ன்னேன்.

"திட்டத்துல இல்லீனாலும் கூரை விட்டத்து மேலதானுங்க இருக்குது"ன்னாரு. சொல்லிப்போட்டுத் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "நீங்க முடிவு பண்ணிட்டுச் சொல்லியனுப்புங்க"ன்னு ஆளுகளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

எனக்கு ரோசம் வந்துருச்சு. முப்பத்தோரு வருசம் மில்லுல இருந்தவனுக்கு ஒரு செவுரு இடிக்கத் தெரியாதா? ஸ்டோர்ல இருந்தேன்னு அப்ப ஞாபகம் வரல. செல்போன ஜன்னல்ல சாத்தி வெச்சேன், வீடியோ எடுக்க. வகுப்பு குரூப்புல வேலைக்கு 'முன்', வேலைக்குப் 'பின்'னு எல்லாரும் படம் போடுவாங்க, நானும் போடோணுமில்ல? கடப்பாரைய எடுத்தேன். மண்ணுச் செவுரு தம்பி, என்ன சொகமா உதிருது தெரியுங்களா! ஒரு குத்துக்கு ஒரு கூடை மண்ணு. சின்னப் பையன் மாதிரி குத்தறேன். அரை மணி நேரத்துல ஒரு ஆள் போற அளவுக்கு ஓட்டை.

அந்த ஓட்டையில பிலோமினா தலை தெரிஞ்சுது. "சார், நிறுத்துங்க. என்ற மாவுல ஓட்டுத் தூளு விழுகுது. மேல ஏதோ நகருது"ன்னாங்க.

"நீங்க உங்க சோலியப் பாருங்கம்மா"ன்னேன்.

"சார், மேல பாருங்க!"

நான் மேல பாக்கல. போனப் பாத்தேன், வீடியோ ஓடுதான்னு.

அடுத்தது என்ன நடந்துச்சுன்னு எனக்கு முழுசாத் தெரியல. அந்த ஓட்டையில நுழைஞ்சு வந்து, என்ற சட்டைய, இந்தா இந்த எடத்துல, கொத்தாப் புடிச்சு இழுத்தாங்க. நான் எழுவது கிலோ. அந்தம்மா தினம் கிரைண்டர்க் கல்லத் தூக்கி எறக்கறவங்க. இழுத்த வேகத்துல நான் பின்வாசல்படியத் தாண்டி வெளிய போயி மல்லாக்க விழுந்தேன். அவங்க ஒரு எட்டு பின்னால. ஒரே ஒரு எட்டு. விட்டம் எறங்குச்சு. ஓடெல்லாம் சடசடன்னு. தூசி அடங்கறதுக்கே ரொம்ப நேரமாச்சு. அந்தம்மா வாசப்படியில உக்காந்திருக்காங்க, சோத்துக்கை மணிக்கட்டு வேற பக்கம் திரும்பியிருக்குது. "பாப்பா காலேஜுக்குப் போயிட்டா, நல்லவேளை"ன்னு மட்டும் சொன்னாங்க.

எனக்கு ஒரு கீறல் இல்ல தம்பி. ஒரே ஒரு கீறல் கூட இல்ல.

முன்பக்கக் கூரையும் பாதி போச்சு. ரெண்டு கிரைண்டர்ல ஒண்ணு சப்பளிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில தகடு வெக்கோணும்னாங்க. சுலோச்சனா ஓடியாந்தா. வந்தவ என்னைப் பாக்கல, நேரா அந்தம்மா கட்டில்கிட்டப் போனா. அடிபடாத கையப் புடிச்சுப் பாத்தா. உள்ளங்கையெல்லாம் கொப்புளம், ஒடைஞ்சு தோலு உரிஞ்சு.

"இது என்னங்க?"ன்னு கேட்டா.

பிலோமினா என்னை ஒரு தடவை பாத்தாங்க. "குழாய் ரிப்பேருங்க அக்கா. தண்ணி சொமந்தது"ன்னாங்க.

திரும்பிப் போறப்ப பஸ்ஸுல என்னால இருக்க முடியல. சுலோச்சனாகிட்டச் சொல்லிட்டேன். பைப்பு உடையல, நான்தான் கழட்டச் சொன்னேன்னு. அவ என்னைப் பாத்தா. திட்டுவாள்னு காத்துக்கிட்டிருந்தேன். திட்டுனாத் தேவலயே. அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்டா. எங்க ஸ்டாப்பு அது இல்ல. மூணு ஸ்டாப்பு முன்னால. எறங்கி நடந்தே வந்தா. நான் பஸ்ஸுலயே உக்காந்து போயி, வீட்டத் தொறந்து வெச்சுக்கிட்டு, வாசல்ல நின்னேன். அவ வந்தா, உள்ள போனா, எங்க முன் ரூம்ப ஒழிச்சா. என்ற மேசை, என்ற நோட்டு, நானூத்திச் சொச்சம் விசிட்டிங் கார்டு, எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளுனா. ஆஸ்பத்திரியில இருந்து அந்தம்மாவையும் பொண்ணையும் நேரா அங்க கூட்டியாந்துட்டா. என்னைக் கேக்கவே இல்ல. ஆனா நானும் வேண்டாம்னு சொல்லல பாருங்க. அடைக்கலம் குடுக்கறதுன்னா அதுக்கும் ஒரு மனசு வேணுமில்ல?

அஞ்சு மாசம் எங்க வீட்டுல இருந்தாங்க. மிச்சமிருந்த ஒரு கிரைண்டரும் வந்துருச்சு. அந்தம்மா கட்டுப் போட்ட கையோட நாற்காலியில உக்காந்து சொல்லுவாங்க, சுலோச்சனா ஆட்டுவா, நான் கொண்டு போயிக் குடுப்பேன். ஆமாங்க. அதே பைக்குல, முன்னால ஒரு தூக்கு, பின்னால ரெண்டு தூக்கு. வாடிக்கை விட்டுப் போயிரக்கூடாதுன்னு. மொத வாரம் மாவு புளிக்கல. வீடு வீடா நின்னு திட்டு வாங்குனேன். ஒரு டீச்சரம்மா, "நீங்க ஆளு மாத்துனதுல இருந்து இட்லி கல்லு மாதிரி இருக்குது. பழைய அம்மா எங்க?"ன்னு கேட்டாங்க. என்ன சொல்றது? "லீவுங்க"ன்னேன். அப்பறம் உளுந்து எவ்வளவு ஊறோணும், எப்ப அரிசியப் போடோணும், உப்ப ஏன் கையிலதான் கலக்கோணும்னு எல்லாம் படிச்சுக்கிட்டேன். அந்த ரெண்டு நாள் வகுப்புல படிச்சத விட இது கஷ்டமுங்க. ஆனா ஒண்ணு, இதுல கையில ஒரு சாமான் மிஞ்சுச்சு.

ரெஜினா எங்க வீட்டுல இருந்துதான் பரீச்சை எழுதப் போச்சு. ராத்திரி நான் தும்முனாக் கூட சுலோச்சனா முறைப்பா.

கூரை போட ராக்கியண்ணனத் திரும்பக் கூப்புடோணுமே. எனக்கு மூஞ்சி இல்ல. சுலோச்சனாதான் போனா. அவரு வந்தாரு. வந்து அந்த எடத்தப் பாத்தாரு. 'நான்தான் சொன்னனே'ன்னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை அவரு சொல்லியிருந்தா எனக்குப் பாரம் எறங்கியிருக்கும். சொல்லவே இல்லீங்க அந்த மனுசன். அதே எடத்துல செங்கல் செவுரு வெச்சு, விட்டம் மாத்தி, ஓடு மேஞ்சு குடுத்தாரு. மில்லு குடுத்த தொகையில மிச்சமிருந்ததெல்லாம் அதுக்குள்ள போச்சு. நடுவுல செவுரு இருக்குது, வாசல்ல நின்னா அடுப்பு தெரியாது. வாங்குனப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே. 'முன்', 'பின்' ரெண்டும் ஒரே படம்.

பிலோமினா மறுபடி முன்பக்கத்துக்கே போனாங்க. பின்பக்கத்துல வேற ஒரு குடும்பம். வாடகை வந்துச்சு. பைப்ப நானே நின்னு மாட்ட வெச்சேன். புதுப் பைப்பு, புது வால்வு. அதுக்கப்பறம் நாலு வருசம் மாசம் பொறந்தா வாடகை வாங்கப் போவேன். போறப்பவெல்லாம் சொல்லீரலாம், அந்தத் தண்ணி விசயத்த இன்னிக்குச் சொல்லீரலாம்னு நினைச்சுக்கிட்டே போவேன். காப்பி குடுப்பாங்க. குடிச்சுட்டு வந்துருவேன். மொத நாள் மாதிரியேதான்.

போன மாசம் ஒருத்தன் தேடி வந்தான். பக்கத்துல ரெண்டு வீட்ட வாங்கிட்டானாம், இதையும் சேத்தா அப்பார்ட்மெண்ட் கட்டலாமாம். அவன் சொன்ன விலையக் கேட்டா நீங்க நம்ப மாட்டீங்க. ஒரே நிபந்தனை, காலி பண்ணிக் குடுக்கோணும். உண்மையச் சொல்றேன் தம்பி, எனக்கு ஆசை வந்துருச்சு. இவ்வளவுக்கு அப்பறமுமா? இவ்வளவுக்கு அப்பறமும்தான். நான் அந்த வகுப்புலயே நல்ல மாணவன். பழைய கால்குலேட்டரத் தேடி எடுத்தேன். பேட்டரி செத்துப் போச்சு, அது வேற கதை.

நானே பிலோமினாகிட்டப் போயிச் சொன்னேன். இந்தத் தடவை புன்னகையெல்லாம் இல்ல. "இப்பிடி ஒருத்தன் கேக்கறான், என்ன பண்றதுன்னு தெரியல"ன்னேன். அவங்க கொஞ்ச நேரம் மாவு வழிச்சுக்கிட்டே இருந்தாங்க. "எங்குளுக்கு ஒரு மாசம் டைம் குடுப்பீங்களா அண்ணா?"ன்னாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. "காலி பண்றதுக்கா?"ன்னேன்.

"வாங்கறதுக்கு"ன்னாங்க.

ரெஜினா வேலைக்குப் போயி மூணு வருசம் ஆச்சு, பெரிய ஆஸ்பத்திரி. பேங்குல லோன் கேட்டிருக்குது. அந்தம்மா கிட்ட நகைச் சீட்டு இருந்திருக்குது. நான் வாங்குன விலைக்கும் கூரை செலவுக்கும் சேத்து அவங்களால முடியும், அதுக்கு மேல முடியாதுன்னாங்க. வீட்டுக்கு வந்து சுலோச்சனாகிட்டச் சொன்னேன். "அவன் விலை என்ன, இவங்க விலை என்ன"ன்னு ஆரம்பிச்சேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. தலையத் தூக்கல. "அன்னிக்கு மூணு ஸ்டாப்பு முன்னால எறங்கி நடந்தேன், ஞாபகம் இருக்குதா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். அதுக்கப்பறம் நானேதான் முடிவு பண்ணுனேன், பிலோமினாவுக்கே குடுத்தர்லாம்னு.

கூரை செலவ வேண்டாம்னேன். அது நான் இடிச்சது, நான் கட்டுனது. அதுக்கு அந்தம்மா ஒத்துக்கிட்டாங்க. நான் விட்டனா? வாங்குன விலையிலயும் கொஞ்சம் கொறைச்சுக்கறேன்னேன். அப்ப மொதத் தடவையா அந்தம்மாவுக்குக் கோவம் வந்து பாத்தேன். "உங்க மனசாறுதலுக்குத் தள்ளுபடி போடாதீங்க அண்ணா. கொறைச்சு வாங்குனேன்னா நான் சாகற வரைக்கும் அது உங்க வீடாவேதான் இருக்கும்"ன்னாங்க. சரின்னுட்டேன்.

அதுக்குத்தான் இன்னிக்கு வந்திருக்கறோம். நான் விக்கறவன். சுலோச்சனா, பிலோமினா, ரெஜினா மூணு பேரும் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கறாங்க, ஏதோ ஒரு காயிதத்துல நகல் பத்தலயாம்.

இந்நேரம் வரைக்கும் உங்ககிட்ட வாய் ஓயாமப் பேசறேனே, காரணம் இருக்குது. காலையில ஆட்டோவுல வர்றப்ப ஒரு சங்கதி நடந்துச்சு. முன்னால டிரைவர் பக்கத்துல நான், பின்னால அவங்க மூணு பேரும். இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டா அப்பறம் நான் ஆரு, அவங்க ஆரு? வாடகை வாங்கப் போற சாக்கும் இல்ல. பின்னால திரும்பாமயே, ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லிட்டேன். "பிலோமினா, அன்னிக்கு அந்தப் பைப்பு தானா உடையல. நான்தான் கழட்டச் சொன்னேன்"ன்னு.

ஒரு சிக்னல் தாண்டுச்சு. அப்பறம் அந்தம்மா சொல்றாங்க, "தெரியுங்க அண்ணா. அந்தப் பிளம்பர் வீட்டுக்கும் நான்தானே மாவு குடுக்கறேன். அன்னிக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டான்."

நாலு வருசம் தம்பி! நாலு வருசம் நான் அத நெஞ்சுல வெச்சு அடைகாத்திருக்கேன், ஏதோ எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் மாதிரி. அப்ப, என்ற சட்டையப் புடிச்சு இழுத்தாங்களே, அன்னிக்கு? தெரிஞ்சுக்கிட்டேதான் இழுத்திருக்காங்க. என்னால கேக்காம இருக்க முடியல. திரும்பிக் கேட்டுட்டேன். "தெரிஞ்சுமா என்னை இழுத்தீங்க?"

"யோசிக்கறதுக்கு நேரம் இல்லீங்களே அண்ணா. இருந்திருந்தா யோசிச்சிருப்பேன்"ன்னாங்க.

ரெஜினாதான் மொதல்ல சிரிச்சுது. அப்பறம் சுலோச்சனா. என்ற சம்சாரம் அப்பிடிச் சிரிச்சு நான் ரொம்ப நாளாப் பாக்கல. ஆட்டோக்காரன் எதுக்குன்னே தெரியாமச் சிரிக்கறான். நானும் சிரிச்சேன். எறங்கறப்ப ஆட்டோவுக்குக் குடுக்கலாம்னு பாக்கெட்டுல கைய விட்டேன். "வாங்கறவங்கதான் குடுக்கோணும்"னு அந்தம்மா குடுத்துட்டாங்க.

அதா, கேட் பக்கத்துல வர்றாங்க பாருங்க, பச்சைப் புடவை. கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி. இல்லீங்க, எனக்கில்ல, நான் நின்னுக்கறேன். அவங்குளுக்கு அந்தக் கைய ரொம்ப நேரம் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க முடியாது, செவுத்துல சாஞ்சுதான் உக்காரோணும்.